வைப்ரஃபோன் டிரியோவில் எதைக் கேட்பது?

கேள்வி இது: வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) கலைஞர் ஒருவர் தலைமையில், பாஸ் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ் மட்டும் சேர்ந்த ஜாஸ் டிரியோ ஒன்று புதிய ஆல்பம் வெளியிட்டிருக்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது டிராக் வருவதற்குள் எல்லாம் ஒரே மாதிரி மிதப்பதாகத் தோன்றுகிறது. பியானோ இல்லாத குறையா, கேட்கத் தெரியாத குறையா? எதைக் கவனிக்க வேண்டும், எந்தப் பழைய பதிவுகளிலிருந்து தொடங்கலாம்?

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. பியானோ இல்லாததும் குறை இல்லை. வைப்ரஃபோன் முதல் ஐந்து நிமிடம் யாரையும் மயக்கிவிடும். அதற்கப்புறம் அந்த மயக்கமே சலிப்பாகிவிடும். ஏனென்றால் இதில் ஒரு பட்டையைத் தட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். கீழ் ஸ்தாயிப் பட்டை என்றால் பல விநாடிகள் ஓடும். சாக்ஸஃபோனில் மூச்சு நின்றால் ஒலி நின்றது. கிடாரில் விரலைத் தளர்த்தினால் முடிந்தது. இங்கே தொடங்குவது சுலபம், முடிப்பதுதான் வேலை. ஆகவே வைப்ரஃபோன் வாசிப்பவரின் தரத்தைப் பாதி அவர் எந்த ஸ்வரத்தைத் தட்டுகிறார் என்பதிலும், மீதி எந்த ஸ்வரத்தை எப்போது அடக்குகிறார் என்பதிலும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது பாதி கொஞ்சம் பெரிது. மூன்றே பேர் இருக்கும் குழுவில் அது மறைக்க இடமில்லாமல் வெளியே தெரியும்.

வாத்தியத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். வழக்கமான அளவில் மூன்று ஸ்தாயி, 37 அலுமினியக் கலவைப் பட்டைகள். பியானோ கட்டைகளைப் போலவே இரண்டு வரிசை. ஒவ்வொரு பட்டையின் அடிப்பக்கமும் நடுவில் வளைவாகக் குடைந்திருக்கும். அப்படிக் குடைவதால்தான் முதல் மேலொலி (மூல ஸ்வரத்தோடு கூடவே எழும் உயர்ந்த ஒலி) மூல ஸ்வரத்துக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி மேலே வந்து நிற்கிறது; அந்தக் கண்ணாடி போன்ற தெளிவு அங்கிருந்து வருகிறது. பட்டையில் அதிர்வு கிட்டத்தட்ட இல்லாத இரண்டு இடங்கள் உண்டு, இரு முனையிலிருந்தும் நீளத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில். அங்கே துளையிட்டுக் கயிறு கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பட்டைக்கு நேர் கீழே, அடி மூடிய குழாய் ஒன்று ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். (சில மாடல்களில் மேல் ஸ்தாயிக் குழாய்களும் மேடைக்கு அழகாக நீளமாகவே இருக்கும், உள்ளே பாதியில் அடைத்திருப்பார்கள்.)

அப்புறம் பெடல். இரண்டு வரிசைக்கும் நடுவே, அடியில், மெத்தென்ற துணி வைத்த நீளமான சட்டம் ஒன்று ஓடுகிறது. ஸ்பிரிங் அதை மேலே தள்ளிப் பட்டைகளோடு ஒட்டவைத்திருக்கும். காலால் அழுத்தினால் சட்டம் இறங்கும், பட்டைகள் தாராளமாக ஒலிக்கும். காலை எடுத்தால் 37 பட்டைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடும். சிக்கலே இந்த 'ஒரே நேரத்தில்'தான். பியானோவில், மேல் கோடிக் கட்டைகள் தவிர, ஒவ்வொரு கட்டையின் தந்திகளுக்கும் தனித்தனி அடக்கி உண்டு. விரல் எதன்மேல் இருக்கிறதோ அது மட்டும் ஒலிக்கும். இங்கே எல்லாம் உண்டு அல்லது எதுவும் இல்லை.

சரி, அப்படியானால் கீழே ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) ஒலித்துக்கொண்டிருக்க, மேலே மெட்டை எப்படித் தெளிவாக வாசிப்பது? ஒரு கைக்கு இரண்டாக நான்கு குச்சிகள். இடது கை கார்டைத் தட்டியாயிற்று, பெடல் அழுத்தியபடி இருக்கிறது. வலது கை ஸ, ரி, க என்று போக வேண்டும். பெடலை விட்டால் கார்ட் போய்விடும். விடாவிட்டால் ஸ, ரி, க மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். எனவே ஒரு குச்சி ரி-யைத் தட்டும் அதே கணத்தில் இன்னொரு குச்சி ஸ-வின் மேல் போய் உட்கார்ந்து அதை அணைக்கிறது. க-வைத் தட்டும்போது ரி அணைகிறது. அணைக்கிற குச்சி பட்டையைத் தட்டக் கூடாது, அழுத்த வேண்டும். கொஞ்சம் வேகமாகப் பட்டால் அதுவே வேண்டாத இன்னொரு ஸ்வரமாகிவிடும். இதை மெதுவான பாட்டில் செய்வதே பெரிய பாடு. விநாடிக்கு ஏழெட்டு ஸ்வரம் ஓடும்போதும் தேவையான இடத்தில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தேர்ந்த கலைஞரின் கைகளைப் பார்த்தால், தட்டுகிற அசைவுகளுக்கு நடுவே தட்டாத அசைவுகளும் நிறைய இருப்பது தெரியும்.

இன்னொரு குறை, கமகம் இல்லாதது. அலுமினியப் பட்டையை வளைக்க முடியாது. ஆனாலும் கடினமான ரப்பர் தலைக் குச்சி ஒன்றைக் கயிறு போகிற இடத்தில் அழுத்தி, நடுவில் வேறொரு குச்சியால் தட்டி, அழுத்திய குச்சியை நடுப்பக்கம் இழுத்தால் ஸ்வரம் கொஞ்சம் கீழே சரியும். வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன் இதை அழகாகச் செய்வார். ஒரு ஆல்பத்தில் ஒன்றிரண்டு இடத்தில் வந்தால் சுகம். அடிக்கடி வந்தால் வித்தை காட்டுவதாகிவிடும்.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் சொல்லும் 'மிதப்பு' பெரும்பாலும் அதன் வேலையாக இருக்கலாம். ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு வட்டத் தகடு உண்டு. ஒவ்வொரு வரிசையின் தகடுகளும் ஒரு தண்டில் கோத்திருக்கும். மோட்டார் அந்தத் தண்டுகளைச் சுழற்றும். தகடு குழாயைத் திறக்கும்போது ஒலி பெருகுகிறது, மூடும்போது குறைகிறது. அந்த அலையடிப்பு ஸ்வரம் ஏறி இறங்குவதால் வருவதாகத் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் ஏறி இறங்குவது ஒலியின் அளவுதான். இந்த மோட்டாரின் வேகத்தை வைத்தே இந்த வாத்தியத்தின் கதையைச் சொல்லிவிடலாம்.

1921 வாக்கில் இண்டியானாபோலிஸில் லீடி நிறுவனம் இரும்புப் பட்டைகளோடு இதன் முதல் வடிவத்தைச் செய்தது. அலுமினியமும் பெடலும் 1927-ல், சிகாகோவின் டீகன் நிறுவனத்தில் ஹென்றி ஷ்லூட்டர் கைவண்ணத்தில் வந்தன. அப்போதெல்லாம் இது வேடிக்கை மேடைகளுக்கான விநோத ஒலி, அவ்வளவுதான். 1930-ல் லாஸ் ஏஞ்சலஸில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவின்போது, டிரம்ஸ் வாசிக்க வந்த லயனல் ஹாம்ப்டன் ஸ்டூடியோவில் சும்மா கிடந்த வைப்ரஃபோனைத் தொட்டார். 'மெமரீஸ் ஆஃப் யூ' பதிவில் அது இருக்கிறது. அடுத்து 1936-ல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குவார்ட்டெட்டில் (நால்வர் குழு) சேர்ந்து ஹாம்ப்டன் அந்த ஒலியை நாடறியச் செய்தார். அவருடைய மோட்டார் வேகமாகச் சுழலும்; ஒலி படபடவென்று துடிக்கும். 1940-களின் பிற்பகுதியில் மில்ட் ஜாக்சன் வந்து அந்த வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். உடனே வாத்தியம் பாட ஆரம்பித்தது. ப்ளூஸ் பாடகரின் நீண்ட இழுப்பு போல ஒரு அலை. 1960-களில் பர்ட்டன் மோட்டாரையே அணைத்துவிட்டார். நான்கு குச்சிகளால் பியானோ போல் அடர்த்தியாக வாசிப்பவருக்கு அந்த அலை இடைஞ்சல். ஒவ்வொரு ஸ்வரத்தின் விளிம்பும் தெரிய வேண்டும்.

இன்றைக்கு வாசிப்பவர்கள் பலர் பர்ட்டன் கட்சி. உங்கள் ஆல்பத்தில் முதல் வேலையாக இதைக் கண்டுபிடியுங்கள்: நீளமாக நிற்கும் ஸ்வரத்தில் அலை இருக்கிறதா, எல்லா டிராக்கிலும் ஒரே வேகமா? எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் மோட்டார் ஓடினால், மெட்டு மாறினாலும் மேற்பரப்பு மாறாது. மிதப்புக்கு அதுவே முக்கால்வாசிக் காரணம்.

இனி டிரியோ. பியானோவில் 88 கட்டைகள், கீழே 27.5 ஹெர்ட்ஸ் வரை போகும். வைப்ரஃபோனின் கடைசிக் கீழ்ப்பட்டை சுமார் 175 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். டபுள் பாஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், மெல்லிய தந்தி 98. பாஸ் அதன் வழக்கமான கீழ் ஸ்தாயியில் நடக்கும்போது, இருவருக்கும் நடுவில் ஒரு காலியிடம் விழுகிறது. பியானோ டிரியோவில் இடது கை உட்காரும் இடம் அது. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று பதறுகிற குழுவும், காலியாகவே விட்டுவைக்கத் துணிகிற குழுவும் வேறு வேறு இசையைத் தரும். எனக்கு இரண்டாவது ரகம்தான் பிடிக்கும். பாஸ் வாசிப்பவர் மேல் ஸ்தாயிக்கு ஏறி வந்து வைப்ரஃபோனின் கீழ் ஸ்வரங்களோடு உரசும்போது கிடைக்கிற ஒலி, நடுவில் பியானோ இருந்தால் அமுங்கிப் போகும்.

இந்தக் காலியிடத்தைக் கையாண்ட பதிவுகளில் என்னுடைய முதல் சிபாரிசு கண்டிப்பாக ரெட் நோர்வோ டிரியோ, 1950, 51-ல் பதிவானவை. இதில் டிரம்ஸே கிடையாது. வைப்ரஃபோனில் நோர்வோ, கிடாரில் டால் ஃபார்லோ, பாஸில் சார்லஸ் மிங்கஸ். அப்போது மிங்கஸ் பிரபலம் இல்லை. தபால் ஆபீஸ் வேலைக்குப் போயிருந்தவரைக் கூட்டி வந்தார்கள். நோர்வோ பல வருடம் சைலஃபோன் வாசித்தவர். அதன் மரப்பட்டையில் ஒலி தட்டியவுடன் செத்துவிடும். அந்தப் பழக்கம் அவர் கையில் நின்றுவிட்டது: வைப்ரஃபோனுக்கு மாறிய பிறகும் அலையைத் தவிர்த்தார், ஸ்வரங்களைச் சின்னச் சின்னதாக நறுக்கி வாசித்தார். 'மூவ்' என்ற டிராக்கைக் கேளுங்கள். தலைதெறிக்கிற வேகம். வைப்ரஃபோனும் கிடாரும் ஒட்டிக்கொண்டு ஒரே மெட்டில் ஓட, அடியில் மிங்கஸ் ஒரு அடி பிசகாமல் நடந்துகொண்டிருப்பார். டிரம்ஸ் இல்லாத இடத்தை நிரப்ப ஃபார்லோ சில சமயம் தந்திகளை அமுக்கிப் பிடித்துக் கிடாரையே தாள வாத்தியமாகத் தட்டுவார். இவ்வளவு வேகத்திலும் ஒரு ஸ்வரம்கூட இன்னொன்றின் மேல் சிந்துவதில்லை. வைப்ரஃபோன் என்றாலே மிதப்பு என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

உங்களுடையது போல பாஸ், டிரம்ஸ் சேர்ந்த வடிவத்துக்கு, பர்ட்டன் 18 வயதில், 1961-ல், பதிவு செய்த 'நியூ வைப் மேன் இன் டவுன்' நல்ல தொடக்கம். பாஸில் ஜீன் செரிக்கோ. டிரம்ஸில் டேவ் புரூபெக் குவார்ட்டெட்டின் ஜோ மொரெல்லோ. அது இளைஞனின் ஆல்பம்தான், பெரிய ஆழம் கிடையாது. ஆனால் நான்கு குச்சிகளை வைத்துக்கொண்டு ஒரு பையன் 'பியானோ எதற்கு?' என்று கேட்கிற தெம்பு அதில் உண்டு. சின்ன ஊரில் கூட வாசிக்க ஆளில்லாமல் தனியாகவே வாசித்து வளர்ந்தவர் அவர். மெட்டு, கார்ட் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அந்தப் பழக்கம் முற்றிய நிலையைக் கேட்க வேண்டுமானால் 1971-ல் பதிவான 'அலோன் அட் லாஸ்ட்'.

டிரியோ இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்', 1964 பிப்ரவரி. ஐந்து பேர், பியானோ கிடையாது, அந்த இடத்தில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன். பியானோக்காரர் போல் பின்னால் விரிப்பு விரிக்க அவர் முயலவே இல்லை. கார்டைக் குத்துகிறார், உடனே அடக்குகிறார், நிறைய இடம் விட்டுவிட்டு எதிர்பாராத இடத்தில் மறுபடி குத்துகிறார். டோனி வில்லியம்ஸின் டிரம்ஸ் அந்த இடைவெளிக்குள் புகுந்து விளையாடும். இன்றைய வைப்ரஃபோன் டிரியோக்கள் பலவற்றின் காற்றோட்டத்துக்கு மூலம் இந்த ஆல்பம் என்பது என் கணிப்பு.

அண்மைக் காலத்துக்கு வந்தால், சிகாகோவின் வைப்ரஃபோன் கலைஞர் ஜேசன் அடாஸேவிச். 'சன் ரூம்ஸ்' (2010), பாஸில் நேட் மெக்பிரைட், டிரம்ஸில் மைக் ரீட். நான் இதுவரை அடக்குவதைப் பற்றியே பேசினேன். இவர் அதற்கு நேர் எதிர். ஓங்கி அடிப்பார், பெடலை விடாமல் மேலொலிகள் ஒன்றோடொன்று மோதும்படி விட்டுவிடுவார். பீட்டர் பிராட்ஸ்மன் மாதிரி சாக்ஸஃபோனில் கர்ஜித்த ஆளோடு இருவராக நின்று வாசித்தவர் என்றால் யூகித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குழப்பம் தெரிந்தே செய்கிற குழப்பம். எங்கே புகை விட வேண்டும், எங்கே துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கிறிஸ் டிங்மனின் 'எம்ப்ரேஸ்' (2020) இன்னொரு கோடி: லிண்டா மே ஹான் ஓவின் பாஸ், டிம் கைப்பரின் டிரம்ஸ், எல்லாமே நிதானம். மிதப்பையே அழகாகச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. சைமன் மூலியேயின் 'கவுண்ட்டவுன்' (2021), எல்லாருக்கும் பழகிய ஜாஸ் பாட்டுகளை மூவராகப் பிரித்து மேய்வது. தலைப்புப் பாட்டு ஜான் கோல்ட்ரேனுடையது; பெரும்பாலும் இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை கார்ட் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் பெடல் கொஞ்சம் தாமதித்தாலும் எல்லாம் கூழாகிவிடும். ஆகவில்லை.

இப்போது உங்கள் புதிய ஆல்பத்தை மறுபடி போடுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. சின்ன ஸ்பீக்கரில் பாஸ் காணாமல் போய்விடும், பாஸ் இல்லாமல் இந்த இசையில் பாதி இல்லை. நேராக ஒரு பாஸ் சோலோவுக்குப் போங்கள். பின்னால் வைப்ரஃபோன் என்ன செய்கிறது? பாஸ் மென்மையான வாத்தியம். நாலு ஸ்வரக் கார்ட் நீளமாக ஒலித்தால் அதை விழுங்கிவிடும். நல்ல கலைஞர் இரண்டே ஸ்வரம் வைத்து உடனே அணைப்பார், அல்லது ஒதுங்கி நின்றுவிடுவார். தன் சோலோ முடிந்த பிறகும் இனிமையாகத் தட்டிக்கொண்டே இருக்கிறவர் மற்ற இருவரையும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது டிரம்ஸின் சிம்பல். அதுவும் உலோகம், அதுவும் நீண்டு ஒலிக்கும். இரண்டு உலோகங்கள் ஒரே நேரத்தில் விரிந்தால் வைப்ரஃபோனின் விளிம்பு அழிந்துபோகும். அதனால் விவரமான டிரம்மர் வறண்ட ஒலி தரும் சிம்பலை, பல சமயம் நடுவில் குமிழ் இல்லாத தட்டையான ரகத்தை, எடுத்துக்கொள்வார். அல்லது பிரஷ்ஷுக்கு மாறுவார். அல்லது தோல் பரப்புகளிலேயே அதிகம் வாசிப்பார். உங்கள் ஆல்பத்தில் டிரம்ஸ் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கிறதா, குச்சி படும் 'டிக்' தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒலிப்பதிவையும் சந்தேகப்படுங்கள். தானாகவே இவ்வளவு நேரம் ஒலிக்கிற வாத்தியத்தின் மேல் செயற்கை எதிரொலியையும் ஏற்றுவது தேனில் சர்க்கரை கலக்கிற மாதிரி. ஆனாலும் செய்கிறார்கள். கலைஞர் பாடுபட்டு அணைத்த ஸ்வரத்தை மிக்ஸிங் செய்பவர் மறுபடி எழுப்பி உட்காரவைத்துவிடுகிறார். மெதுவான பாட்டு ஒன்றில், பெடலை விடும் இடத்தில் மெத்தென்று ஒரு சின்னச் சத்தமும், அதன் பின் உண்மையான அமைதியும் கேட்டால் நேர்மையான பதிவு. பெடல் சத்தம் எனக்குத் தொந்தரவே இல்லை. மனிதர் வாசிக்கிறார் என்று தெரிகிறது.

மெதுவான பாட்டையே கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். வேகத்தில் எதையும் ஒளிக்கலாம். மெதுவான பாட்டில் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன், பழைய கார்டில் எது மிச்சம் இருக்கிறது, எது போய்விட்டது என்று கேளுங்கள். சிலர் மூன்று ஸ்வரத்தை அணைத்து ஒன்றை மட்டும் தொங்கவிடுவார்கள்; அந்த ஒற்றை ஸ்வரம் அடுத்த கார்டின் பகுதியாக மாறும்போது அர்த்தமே மாறிவிடும். இப்படி ஒரு இடம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால், அதே கலைஞர் வேகமான பாட்டுகளில் செய்வதும் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் ஆல்பம் ஒரே மாதிரிதான் மிதக்கிறது என்றால் அது ஆல்பத்தின் குறைதான், உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த வாத்தியத்தின் அழகு, சோம்பேறித்தனமான வாசிப்பையும் அழகாகக் காட்டிவிடும். இனிமையை மட்டும் நம்பி வெளிவந்த ஆல்பங்கள் நிறையவே உண்டு. அதை எடுத்து வைத்துவிட்டு நோர்வோ டிரியோவைப் போடுங்கள், அடுத்து 'சன் ரூம்ஸ்'.